ஏலத்தில் போன துணியைத் தேடி தியாகராய நகருக்கு

காலை எட்டரை, அடையாறு. இதற்கு முன் இந்தப் பக்கங்களில் நான் எழுதியவை எருசலேம் பயணமும் ரோமாபுரிப் பயணமும். இது காந்தி நகரிலிருந்து மயிலாப்பூர் போய், அங்கிருந்து தியாகராய நகர் போய், அன்று மாலைக்குள் வீடு திரும்பிய கதை. கூட வந்தவள் என் மகன் வயிற்றுப் பேத்தி கெசியா. வயது இருபத்தொன்று. வாசலில் செருப்பை மாட்டும்போது, "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு முந்தைய இரவிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஏன் கிளம்பினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கெசியா நான்கு வருடமாக ஒரு நீலப் பருத்தித் துணியில் நூல் வேலை செய்து வருகிறாள். துணி முழுக்கக் கட்டங்கள். ஓர் ஊருக்குப் போய் வந்தால் ஒரு கட்டம். மனதைத் தொட்ட புத்தகம் படித்து முடித்தால் இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஊசியை எடுக்குமுன் கண்ணை மூடி ஜெபம் செய்வாள். சென்ற வாரம் அவள் தோழிகளோடு தரங்கம்பாடி போயிருந்தாள். அந்த ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வீட்டுக்கு வீடு கொண்டுவருகிற வாழைத்தார், கோழி, கேக், கைவேலை எல்லாவற்றையும் ஆராதனைக்குப் பின் ஆலய வளாகத்தில் ஏலம் விடுவார்கள். வழக்கமாக நான் ஒரு பூசணிக்காய் கொண்டுபோவேன். இந்த முறை அவள் அலமாரியைத் திறந்து அந்தத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல காரியம் என்றே நினைத்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஏலம் விட்டவர், "ஐயா, இது யார் கைவேலை?" என்று ஒலிபெருக்கியை என் பக்கம் நீட்டினார். "என் பேத்தி செய்தது. ஆண்டவருக்கென்று அவளே மனமுவந்து கொடுத்தாள்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கெசியா ஊரிலிருந்து திரும்பியதும், துணியை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டதை மட்டும் அவளிடம் ஒப்புக்கொண்டேன். ஒலிபெருக்கியில் சொன்னதைச் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறும்போதும் அதைச் சொல்லாமலேதான் ஏறினேன்.

"மயிலாப்பூரா? மெட்ரோ வேலை நடந்துக்கினு கீது. சுத்திக்கினு போவணும். நூத்தம்பது குடு" என்றார் ஓட்டுநர்.

"லஸ் போக வேணாம். மந்தைவெளி வழியா குளத்துக்கு முன்னாடியே இறங்கிடுவோம். நூத்தி இருபது" என்றாள் கெசியா.

"இன்னா பாப்பா, ரூட்டு ரேட்டு ரெண்டும் நீயே போட்டுக்கினு வந்துட்ட. ஏறு, ஏறு."

திரு.வி.க. பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் இறங்கிக் கிடந்தது. கொக்குகள் சேற்றில் நின்றன. வழக்கமாக அந்த இடத்தில் படம் எடுக்கிறவள், அன்று கைபேசியில் திரும்பத் திரும்ப ஒரே எண்ணை அழைத்துக்கொண்டிருந்தாள். துணியை ஏலத்தில் வாங்கிய எங்கள் சபை எமிலி அம்மாளிடம் அதைத் திருப்பிக் கேட்கத்தான் போனோம். அவர் அழைப்பை எடுக்கவில்லை.

ஒன்பது மணி, மயிலாப்பூர். எமிலி அம்மாளின் வீடு மந்தைவெளிக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு சந்தில், இரண்டாவது மாடியில். கதவைத் திறந்தது அவருடைய மருமகள். கையில் இட்லி மாவு.

"அத்தை பாலவாக்கம் போயிருக்காங்க அங்கிள். அங்க கடலோரம் ஒரு சின்ன சபை இருக்குல்ல, மாமா ஞாபகமா அதுக்கு அந்தத் துணியப் பிரசங்க பீடத்துல தொங்கவிடக் குடுக்கறாங்க. சுத்திக் குஞ்சம் வச்சு, பீடத்து அளவுக்கு வெட்டி..."

"வெட்டியா?" என்றாள் கெசியா.

"டி.நகர்ல தையல் மாஸ்டர்கிட்ட நேத்தே குடுத்தாச்சு. இன்னிக்கு மத்தியானம் ரெடியாயிடும்."

மருமகளிடம் கடையின் அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு கெசியா படிகளில் இறங்கிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. கீழே வந்து மூச்சு வாங்கியபடி, இன்று வரை நான் வெட்கப்படுகிற ஒன்றைச் சொன்னேன்.

"கெசி, பிரசங்க பீடத்துக்குத்தானே போகுது? இதைவிட நல்ல இடம் உண்டா? விட்டுடலாமே அம்மா."

அவள் நின்றாள். "தாத்தா, அதுல மணப்பாடு இருக்கு, தனுஷ்கோடி இருக்கு. ப்ளஸ் டூ பரீட்சையில ஃபெயிலான வருஷம் நான் போட்ட ஒரு கட்டம் இருக்கு. அது என்னன்னு எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். அத பீடத்துல மாட்டி ஊரெல்லாம் பாக்கணுமா? குடுக்கறதுன்னா நான் குடுப்பேன். நீங்க ஏற்கெனவே ஒரு தடவ குடுத்துட்டீங்க. ரெண்டாவது தடவயும் குடுக்காதீங்க."

நான் அவள் பின்னால் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

குளத்துக்கரை நிறுத்தத்தில் 12பி வர நேரமாயிற்று. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. என் டிக்கெட்டை மட்டும் வாங்கினேன். ஆழ்வார்பேட்டையில் நெரிசல். கெசியா பையிலிருந்து நூலகப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பேச்சைத் தொடங்க ஒரு வழி கிடைத்தது என்று, "என்ன புத்தகம்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? இதையும் யாருக்காவது குடுக்கவா?"

பக்கத்தில் நின்ற நடத்துநர் சிரித்துவிட்டார். தேனாம்பேட்டையைத் தாண்டும் வரை அவள் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

பதினொன்று தாண்டியிருக்கும், தியாகராய நகர். பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையில் மக்கள் ஆற அமர நடந்தார்கள். உஸ்மான் சாலைப் பக்கம் திரும்பியதும் அந்த நிம்மதி போயிற்று. சேலைக்கு ஓரம் அடிக்கும் கடைகள் நிறைந்த ஒரு மாடிப்படி. படியில் ரவிக்கைக்குக் காத்திருந்த பெண்கள். மேலே, ஜன்னலோரம் மாஸ்டர். அவர் மேசையில் நீலத் துணி விரிந்து கிடந்தது. நடுவே சுண்ணாம்புக் கட்டியால் நீளக் கோடு. தரங்கம்பாடிக்குப் போகுமுன் அவள் முடித்த கடைசிக் கட்டத்தின் மேலேயே அந்தக் கோடு ஓடியது. பக்கத்தில் கத்தரிக்கோல்.

"மாஸ்டர், வெட்டாதீங்க!" என்றாள் கெசியா. படியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"இன்னாம்மா கூவுற? டீ குடிச்சிட்டு வெட்லாம்னு இருந்தேன். தப்பிச்சிக்கிச்சி" என்றார் மாஸ்டர். "ஆனா குடுத்த அம்மா சொல்லாம தர மாட்டேன். அது நம்ம தொழில் பழக்கம்."

அப்போதுதான் எமிலி அம்மாளிடமிருந்து அழைப்பு வந்தது. தையல் இயந்திரங்களின் சத்தத்தில் கேட்காது என்று கெசியா கைபேசியை ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். பின்னால் கடல் இரைந்தது.

"என்னம்மா பேசற?" என்றார் எமிலி அம்மாள். "நீயே மனசாரக் குடுத்தேன்னு உங்க தாத்தா மைக்ல சொன்னாரே. அதக் கேட்டுத்தானே நான் விடாம ஏலம் கேட்டேன்? நீ என்ன, குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கறியா?"

கெசியா என்னைப் பார்த்தாள். மாஸ்டர் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"எமிலி" என்றேன். "அவள் கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரியாது. நான் மைக்கில் சொன்னது பொய்."

"ஆலயத்துலயா?"

"ஆலயத்தில்தான்."

நீங்கள் ஏலத்தில் கொடுத்த பணத்தை நானே தந்துவிடுகிறேன் என்றேன். "நான் பணமா கேட்டேன்?" என்று சீறினார். "எங்க வீட்டுக்காரர் பேர்ல ஆயர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேனே, அதுக்கு என்ன சொல்றது?"

"ஆன்ட்டி, நான் தச்சுத் தரேன்" என்றாள் கெசியா. "கிறிஸ்மசுக்கு முன்னாடி அட்வெந்துக்கு பீடத்துல ஊதாத் துணிதானே போடுவாங்க? இங்கேயே வாங்கிடறேன். மீன்பிடிக்கிற ஊர் சபை, வலையும் அலையும் போடறேன். அங்கிள் பேரையும் ஓரத்துல போடறேன். ஆனா இது வேணாம். இது என்னுது."

எமிலி அம்மாள் நீண்ட மூச்சு விட்டார். "சரி, மாஸ்டர்ட்ட குடு. ஆனா கேளு, உங்க தாத்தா மைக்ல சொன்னத மைக்லதான் திருத்திச் சொல்லணும். வர்ற ஞாயித்துக்கிழமை. சபை முன்னாடி."

"சொல்றேன்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். யோசித்திருந்தால் ஆயரிடம் தனியாகச் சொல்லக் கூடாதா என்று கேட்டிருப்பேன்.

மாஸ்டர் சுண்ணாம்புக் கோட்டை ஈரத்துணியால் துடைத்து, துணியை மடித்துக் கொடுத்தார். "பெர்சு, ஞாயித்துக்கிழம நல்லா சத்தமா பேசு. மைக்க நம்பாத, பாதி பேருக்குக் கேக்காது" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

கடைத்தெருவில் ஊதாத் துணி தேர்ந்தெடுக்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் எருசலேமில் மூன்று ஆலயம் பார்த்திருப்பேன். ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். என் கருத்தைக் கேட்கவில்லை.

மாலை நான்கு, திரும்பும் வழி. தியாகராய நகரிலிருந்து 5பி. மூத்தோர் இருக்கை ஒன்று எனக்குக் கிடைத்தது. கெசியா துணிப்பையோடு நின்றாள். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் ஊர்ப் பேருந்தில் சொல்லாமலே நடக்கிற காரியம். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு எதிர் இருக்கையில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் பையைக் கொடுத்தாள்.

"இன்னாம்மா கீது இதுல? தாத்தா கையில குடுக்காம எங்கையில குடுக்கற?" என்றார் அந்த அம்மாள்.

"என் துணி, அக்கா. தாத்தா வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. திரும்ப வாங்கிட்டுப் போறேன்."

"அடப்பாவமே. இன்னா நைனா, இன்னாத்துக்குக் குடுத்த?"

சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. வண்டிக்குள் அமைதி. எல்லோருக்கும் கேட்கும்.

"கேக்காம எடுத்துக் குடுத்துட்டேன்மா. அவளே குடுத்தாள்னு ஆலயத்துல பொய்யும் சொன்னேன்" என்றேன். தையல் கடையில் சொன்னதைவிட இரண்டாவது முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. மூன்றாவது முறை, சபையில் முந்நூறு பேர் முன்னால், அதுவும் எளிதாக இருக்கப் போவதில்லை. ஆனால் சொல்லிவிட முடியும் என்று அந்தப் பாலத்தில் எனக்குத் தெரிந்தது.

கெசியா கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை நான் முன் வரிசையில உக்காருவேன்" என்றாள்.

"உட்காரு" என்றேன்.

மீன்கார அம்மாள் பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழம வரிக்கும் இவர் கையில குடுக்காத பாப்பா."

கெசியா சிரித்தாள். நானும் சிரித்தேன். அடையாறு வரும் வரை பை அந்த அம்மாளின் மடியிலேயே இருந்தது.