பல்லக்காவின் சொந்தத் தொழில்

அந்தப் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளத்தோடு லீவு கேட்டால் போதும், டாக்டரின் குரலில் தேன் ஒழுகும். "நீ என் வேலையாள் இல்லம்மா. தனியாத் தொழில் பண்றவ. உனக்கு நீயேதான் முதலாளி."

அந்த முதலாளி, டாக்டர் வாங்கித் தந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்து, டாக்டரின் கருவியால் டாக்டரின் நோயாளிகளுக்குப் பல்லைச் சுரண்டுவாள். வீட்டுக்குப் போனால் கணவர், "முதலாளியம்மா வந்தாச்சா?" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் தொழிலாளர் துறை அதிகாரி, பல்லக்கா வேலையாளா இல்லையா என்று விசாரிக்க வந்தார். டாக்டர் தன் அறையில் அவரை உட்காரவைத்து அளந்துவிட்டார். "அவங்க இஷ்டத்துக்கு வருவாங்க, இஷ்டத்துக்குப் போவாங்க. நான் ஒரு வார்த்தை சொல்றதில்ல சார்."

பக்கத்து அறையில் பல்லக்காவுக்கு எல்லாம் கேட்டது. போய் நன்றாக நாலு கேள்வி கேட்கலாமா என்று யோசித்தாள். நாளெல்லாம் ஊராரை வாயைத் திறக்கச் சொல்பவள், தன் வாயை அடக்கிக்கொண்டாள். கையுறையைக் கழற்றிவிட்டு, தினமும் செய்வதுபோலக் கதவோரம் தலையை நீட்டினாள்.

"டாக்டர், ஒரு டீ குடிச்சிட்டு வரட்டுமா?"

டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெளிய ரெண்டு பேரு உக்காந்திருக்காங்கல்ல, முடிச்சிட்டுப் போ."

"சரிங்க டாக்டர்," என்றாள் பல்லக்கா, என்றுமில்லாத பணிவோடு.

அதிகாரி எழுந்துகொண்டார். "எனக்குக் கேக்க வேற ஒண்ணுமில்ல சார்."