துத்தக் கேனில் பிடித்த நீர்

திராட்சைக் குலை அறுக்கும் கத்தரி என் தம்பி குமரேசனின் கையில் நிற்காமல் தடுமாறியதுதான் முதல் அறிகுறி. பிறகு நடை அகன்றது, பேச்சு குழறியது. காமயகவுண்டன்பட்டியில் அவன் குடிக்கிறான் என்றே பேசிக்கொண்டார்கள். டீயைத் தவிர எதையும் தொடாதவன் அவன்.

தேனியில் நரம்பியல் மருத்துவர் ஒரு முழுநாளின் சிறுநீரையும் சேர்த்துப் பிடித்துவரச் சொன்னார். அதில் செம்பு எக்கச்சக்கம்.

"வில்சன் நோயா இருக்கலாம். இதுக்கு மாத்திரை இருக்கும்மா, நல்லாயிருவாரு" என்றார். (கல்லீரலும் மூளையும் செம்பைத் தேக்கிக்கொள்ளும் பரம்பரைக் கோளாறு.)

நோயின் பெயரைக் கேட்டு ஒரு குடும்பம் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். தம்பி மனைவி செல்வி வீரபாண்டி அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள்.

எனக்குப் பிழைப்பு கடல்நீரில். அதில் கரைந்திருக்கும் செம்பு, துத்தநாகம், இரும்பை அளப்பேன். மேல்நீரில் இவை அற்பம். நுண்ணுயிர்கள் உறிஞ்சிக்கொண்டு, செத்து அமிழ்ந்து, ஆழத்தில் கொண்டுபோய்க் கரைத்துவிடும். அந்த அற்பத்தை அளக்க பாட்டில்களை அமிலத்தில் ஊறவைத்தே என் பாதி ஆயுள் போயிற்று. கப்பலின் துரு ஒரு துளி பட்டாலும் அளவு பாழ்.

அந்தப் பாழாய்ப்போன புத்தி நாலைந்து நாளுக்கு மேல் சும்மா இருக்கவில்லை.

"எதுல பிடிச்ச, செல்வி?"

"பெரிய கேன்ல பிடிக்கச் சொன்னாக மதினி. தோட்டத்துக் கேன நல்லாக் கழுவித்தான் குடுத்தேன்."

திராட்சைப் பந்தலுக்கு மருந்தாக அடிக்கும் மயில்துத்தத்தைக் கரைக்கிற கேன் அது. மயில்துத்தம் செம்பு உப்பு. சோப்புக்கெல்லாம் முழுசாகப் போகாது.

மருத்துவரிடம் சொல்லாமல் விட முடியவில்லை. இல்லாத நோய்க்கு மாத்திரை தின்றால் உடம்புக்கு வேண்டிய செம்பும் போய்விடும். சுத்தமான பாட்டிலில் மறுபடி பிடித்தோம். எல்லோருக்கும் இருக்கிற அளவுதான் இருந்தது. அடுத்த பரிசோதனைகளில் சிறுமூளைத் தேய்வு என்று தெரிந்தது (நடையையும் பேச்சையும் ஒழுங்குபடுத்தும் பகுதி மெல்லச் சுருங்குவது).

"இதுக்கு மருந்து இன்னும் வரலம்மா" என்றார் அதே மருத்துவர். செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் இதே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களே, எதில் பிடித்தது என்று கட்டாயம் கேளுங்கள். கேட்ட பிறகு வீட்டில் சோறு இறங்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது குமரேசன் ஒரு சொல்லை முடிக்க நேரமாகிறது. எடுத்துக்கொடுத்தால் கோபம் வரும். அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க என் உடம்பு பழகிவிட்டது. அவசரம் என்றால் என்னவென்றே மறந்துவருகிறது.

போன வாரம் பந்தலடியில் உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா... நீ கொஞ்சம்... பொறுத்துக் கேட்டிருக்கலாம்."

நான் காத்திருந்தேன்.

"அந்த நாலஞ்சு நாளு... நல்லாத் தூங்குனேன்."