தைப்பூசத்தன்று இறக்காத பலகை

மதகு வேலையில் நான் அடம்பிடித்து வாங்கும் விடுமுறை தைப்பூசம். ஹரி ராயா பெருநாளில், கூட வேலை பார்க்கும் ரோஸ்லியின் ஷிப்டை நான் பார்ப்பேன்; பூசத்தில் என் ஷிப்டை அவன் பார்ப்பான். பத்து காவான் ஆற்றில் கடல்நீர் ஏறினால் மதகை மூட வேண்டும், வற்றினால் திறக்க வேண்டும். கேட்கச் சுலபம்தான். மழையும் கடலும் கூட்டுச் சேர்ந்தால் தெரியும் சேதி.

மதகைத் தாண்டி வீரையா அண்ணனின் நிலம். அவர் வேலை பார்த்த எஸ்டேட் விற்கப்பட்டபோது கிடைத்த நஷ்டஈட்டில் வாங்கியது. பள்ளம் என்பதால் வேறு யாரும் சீந்தவில்லை. இரவில் அண்ணனுக்கு மாக் மண்டினில் பேக்டரி வேலை, பகலில் மனைவி லெட்சுமி அக்காவோடு மண்வெட்டி. அவர்கள் வாய்க்கால் நேராக ஆற்றில் விழும். அதற்கு மதகு கிடையாது, ஒரு பலகைதான். தூக்கினால் வாய்க்கால் திறக்கும், இறக்கினால் அடையும்; அதை அவர்களேதான் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே ஒருமுறை உப்புத் தண்ணீர் புகுந்து பயிரெல்லாம் கருகியிருந்தது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா வீடு கட்டுறவன்கிட்ட வித்துட வேண்டியதுதான் தம்பி," என்று அக்கா சொல்லியிருந்தார். இம்முறை கத்திரியும் வெண்டையும் பூவிட்டிருந்தன. நல்லபடியாகக் காய்க்க வேண்டும் என்று அண்ணன் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார்.

பூசத்துக்கு முந்தின நாள் காலம் தப்பிய மழை. மறுநாள் காலை, பாலம் தாண்டித் தீவிலிருக்கும் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரக் கூட்டத்தில் இருவரையும் பார்த்தேன். அண்ணன் தலையில் பால்குடம், முகமெல்லாம் சிரிப்பு.

"தோட்டத்துல தண்ணி எப்படிண்ணே?"

"விடியக்காலைல பலகையத் தூக்கி விட்டேன் தம்பி. கடகடன்னு வடிஞ்சிருச்சு லா. முருகன் பாத்துக்கிட்டாரு."

"திரும்ப இறக்குனீங்களா?"

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றது. அன்று பௌர்ணமி. மற்ற நாளைவிடக் கடல் மிஞ்சி ஏறும் நாள். எங்கள் பக்கம் உச்சிவேளையில் நிரம்பிவிடும்.

"ஐயோ, பஸ்ஸ விட்டுருவோம்னு ஓடியாந்துட்டேனே!"

அக்கா பால்குடத்தைத் தன் தலைக்கு வாங்கிக்கொண்டார். "நான் ஏறிக்கிறேன். நீங்க போங்க!"

போவது எப்படி? சாலையெல்லாம் அடைப்பு, பாலத்தில் ஜாம். அந்தக் கூட்டத்தில் போன் லைனும் கிடைக்கவில்லை. லைன் தேடி அண்ணனை இழுத்துக்கொண்டு சந்து சந்தாக ஓடினேன். ஒருவழியாக ரோஸ்லி போனில் கிடைத்தான். எங்கள் மதகை முன்பே மூடிவிட்டிருந்ததால் அண்ணன் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தான்.

சற்று நேரத்தில் போன் வந்தது. "சுடா துத்துப்!" மூடியாயிற்று. ஆனால் ஆற்றோரப் பாத்திகளில் உப்பு புகுந்துவிட்டதாம். அண்ணன் நடைபாதையில் உட்கார்ந்து அழுதார். மேட்டுப் பாத்திகள் மட்டும் தப்பின. அந்த வருடம் நிலம் கைவிட்டுப் போகாமல் காத்தது அந்த மேட்டு வெண்டைக்காய்தான்.

நமக்குத் திருநாள் என்றால் கடலுக்கு வேலை நாள். புதிதாக மதகுக்கு வரும் தம்பிகளிடம் இதை அலுக்காமல் சொல்லிவந்தேன்.

அடுத்த பூசத்துக்கு அக்கா மட்டும் வந்தார். திரும்பும் வழியில் அவரோடு தோட்டத்துக்குப் போனேன். மஞ்சள் வேட்டியும் திருநீறுமாக, இறக்கிய பலகை அருகே அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, முருகனையே ஏமாத்திட்டீங்களா?"

"விரதம்லாம் இருக்கேன் தம்பி. தண்ணி வத்தட்டும், பலகையத் தூக்கிட்டுத்தான் சோறு."

அக்கா கொண்டுவந்த பிரசாதத்தை வாங்கி, அண்ணன் அதைப் பலகைமேல் பத்திரமாக வைத்தார். ஆறு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.