டீச்சர் ஆன்ட்டி நடந்த மூன்று மைல்

வேலையிலிருந்து திரும்பியபோது ஆன்சரிங் மெஷினில் பக்கத்து வீட்டுச் செந்திலின் குரல் இருந்தது. "அக்கா, அம்மா காலைல போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக். வீட்டுக்கு வாங்க." கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் இரண்டு முறை கேட்டேன்.

கமலவேணி டீச்சர் ஈரோட்டில் முப்பது ஆண்டு டிரில் டீச்சராக இருந்தவர். இங்கே அமெரிக்காவில், சுகர் லேண்டில் நமக்கெல்லாம் டீச்சர் ஆன்ட்டி. தமிழ்ச் சங்கப் பிக்னிக்கில் விசில் ஊதி நம் பிள்ளைகளை ஓடவிடுவார். "ஒய் ஷுட் ஐ?" என்று கேட்ட என் மகனை, "ரன் ஃபர்ஸ்ட், ஆஸ்க் லேட்டர்" என்று விரட்டினார். அவன் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், எல்லா வீட்டுக் கடிதங்களும் வந்து சேரும் தெருமுனைத் தபால் பெட்டி அருகே ஈரப் புல்லில் வழுக்கி விழுந்து கிடந்தார். "லெட்டர் எடுக்க வந்தேன் அம்மிணி" என்றார். அவர் மகன் செந்தில் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் இருந்தான். அவனோடு பேச முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரியான நான்தான் மருத்துவமனையில் உடன் நின்றேன்.

இடுப்பில் எலும்பு முறிந்திருந்தது. தொடை எலும்பின் மேல்முனைப் பந்தை மட்டும் உலோகத்தில் மாற்றலாம். இல்லையென்றால் அது பொருந்தும் குழியையும் சேர்த்து மாற்றலாம். "எவ்வளவு நடப்பார்?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "வெளியே போவதே இல்லை, வீட்டுக்குள்தான்" என்றேன். கார் ஓட்டாத பெரியவர்கள் இந்த ஊரில் வேறு எங்கே போவார்கள் என்ற நினைப்பு எனக்கு. ஆன்ட்டி என் கையைப் பிடித்தபடி பேசாமல் படுத்திருந்தார். "அப்படியானால் பாதி போதும், சீக்கிரம் முடிந்துவிடும்" என்றார் டாக்டர். ஆன்ட்டி கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதத்தில் கோல் இல்லாமல் நடந்தார். நானும் பெருமைப்பட்டேன். ஒன்றரை ஆண்டு கழித்து தொடை இடுக்கில் வலி தொடங்கியது. செந்தில் அப்போதும் கடலில். வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். உலோகப் பந்து குழியின் குருத்தெலும்பைத் தேய்த்துவிட்டது, அதிகம் நடப்பவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்றார். எவ்வளவு நடப்பீர்கள் என்று ஆன்ட்டியிடமே கேட்டார்.

"த்ரீ மைல்ஸ். எவ்ரி டே. விழறதுக்கு முன்னாடியும்."

முழுதும் மாற்றியிருந்தால் வேறு சிக்கல் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அந்த டாக்டர் சொன்னார். ஆனால் இன்னோர் ஆபரேஷனை ஆன்ட்டியின் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

காரில் உட்கார்ந்து அழுதேன். "ஏன் ஆன்ட்டி, அன்னைக்கு நான் தப்பா சொன்னப்பவே சொல்லிருக்கலாமே?"

"நாய் தொரத்தும், கார் இடிக்கும், வெளிய போகாதேன்னு செந்தில் சத்தியம் வாங்கியிருந்தான் அம்மிணி. அவன் கெளம்புனதும் பக்கத்து ஏரியச் சுத்தி மூணு மைல் வந்துருவேன். தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவானோன்னு பயம். நாம ரெண்டு பேருந்தான் தப்பு பண்ணோம். அவனுக்குச் சொல்லாத." சரி என்றேன்.

அதன்பின் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி, பதினைந்தடி. கடைசிப் பிக்னிக்கில் நாற்காலியில் உட்கார்ந்தபடி விசில் ஊதினார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

துக்க வீட்டில் செந்தில் வந்தவர்களிடமெல்லாம், "மொத டாக்டர் கெடுத்துட்டான். பாதிய மாத்தி எங்கம்மாவ முடக்கிட்டான்" என்று சொல்லிச் சொல்லி அழுதான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆன்ட்டிக்குக் கொடுத்த வாக்கை இங்கே எழுதி மீறுகிறேன். செந்தில், அந்த டாக்டர் கெடுக்கவில்லை. அவர் கேட்டார், நான் தப்பாகப் பதில் சொன்னேன். அம்மா உனக்குப் பயந்து பேசாமல் இருந்தார். என்னோடு நீ பேசாமல் போனாலும் சரி.

நேற்று அந்த ஏரியை முழுதாகச் சுற்றி நடந்தேன். பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. ஆன்ட்டியின் நினைவாக இனி என்னிடம் இருக்கப்போவது இந்த ஒரு நடைதான். எழுபது வயதில் இதைத் தினமும் நடந்தவரைத்தான், வெளியே போவதே இல்லை என்று நான் சொன்னேன்.