டி.சி. வாங்கிக்கொண்டு கல்கத்தா போனோம்

போன மாதம் கணவருக்கு வங்கியில் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. மகள் நித்யா திருச்சியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு முடித்திருந்தாள். படித்த பாடங்களின் கிரெடிட் புள்ளிகள் எல்லாம் கணினியில் இருக்கும், எந்தக் கல்லூரிக்கும் கொண்டுபோகலாம், அமெரிக்காவில் அப்படித்தான் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். நானும் வழக்கம்போல முதல் வேலையாக டி.சி. வாங்கினேன். நம் ஊரில் அது கையில் இல்லாமல் யார் உள்ளே விடுவார்கள்?

திங்கட்கிழமை ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாகக் காலை எட்டரைக்கு ஹவுரா வந்தது. பெட்டிகளைக் கணவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். நாங்கள் ஆற்றின் அக்கரையில் இருக்கும் பாபுகாட்டுக்குப் படகு ஏறினோம், ஆளுக்கு ஆறு ரூபாய். அங்கிருந்து கல்லூரி இருக்கும் டாலிகஞ்ச் ஒன்பது கிலோமீட்டர், டாக்சிக்கு 280. டிரைவர் இந்தியில், "அட்மிஷனா? இப்போதா?" என்று கேட்டார். 

கல்லூரி அலுவலகம் பதினோரு மணிக்குத்தான் திறந்தது. எல்லோரும் 'சேகர்தா', அதாவது சேகர் அண்ணா, என்று கூப்பிட்ட குமாஸ்தா தமிழர், தாத்தா காலத்திலிருந்து இங்கேதானாம். அப்பாடா என்றிருந்தது.

"கிரெடிட் எல்லாம் வந்திருக்கு மேடம். சீட்தான் இல்ல."

"கிரெடிட் வந்தா சீட் வராதா சார்?"

"அமெரிக்காவுல எல்லாம் ஆள் வந்தா நாற்காலி போடுவாங்களாம். இங்க முப்பதுன்னா முப்பதுதான். எங்களைக் கேட்டுட்டு இல்ல டி.சி. வாங்கியிருக்கணும்?"

 உடனே திருச்சிக் கல்லூரிக்குப் போன் போட்டேன். "பேரை அடிச்சாச்சும்மா. அந்த இடத்துல வேற பொண்ணு சேர்ந்தாச்சு" என்றார்கள்.

சேகர்தா குரலைத் தணித்தார். "படிச்ச ரெண்டு வருஷத்துக்கு டிப்ளமா வாங்கிட்டுப் படிப்பை நிறுத்திக்கலாம், அதுக்கும் ரூல் வந்திருக்கு. அப்புறமா வந்து சேரலாம்."

"அப்புறம் வந்தா மட்டும் சீட் இருக்குமா அங்கிள்?" என்றாள் நித்யா.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க யாராவது அப்படி டிப்ளமாவோட நின்னா ஒரு இடம் காலியாகும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க."

இதை வியாழன் மாலை எழுதுகிறேன். பிள்ளையை மாற்ற நினைப்பவர்களே, இடம் உண்டு என்று புதுக் கல்லூரி எழுதிக் கொடுக்கும்வரை டி.சி.யைத் தொடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து கிரெடிட்டைக் கொண்டுவந்த மகராசர்கள் நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். படகுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று காளிகாட் கோயிலுக்குப் போனோம், மெட்ரோவில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரோ ஒரு வீட்டுப் பெண் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். "என்னம்மா வேண்டிக்கிட்டே?" என்று நித்யா கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.