நெருப்பில்லாத பூசை

முதலில் சங்கு ஊத முடியாமல் போனது. பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் தெருக்கோயில் சாயங்காலப் பூசைக்கு நான்தான் ஊதுவேன். ஒருநாள் காற்று மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மாடிப்படியில் பாதியில் உட்கார ஆரம்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் டிபி (காசநோய்) இருக்குமோ என்று சளியைச் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, என்ன வேலை என்று கேட்டார். வெற்றிலைக் கடை என்றேன்.

"அதுக்கு முன்னால?"

நிலக்கரிச் சுரங்கம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

நிமோகோனியோசிஸ் (கரித்தூசி நுரையீரலில் படிந்து இறுகிப்போகும் நோய்). ஆறாது, மேலும் கெடாமல் பார்க்கலாம் என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை.

எங்கள் சுரங்கம் மேல் பர்மாவில், சின்ட்வின் ஆற்றுப் பக்கம் இருந்தது. பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்த தமிழர்களும் அந்த ஊர் பர்மியர்களும் ஒரே வரிசை வீடுகளில் இருந்தோம். கறுப்பாகச் சளி வந்தால், கரி வெளியே போகுது, நல்லது என்று வெல்லம் கொடுப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஏறியது. இறைக்க இறைக்க ஏறியது. மூடிவிட்டார்கள். சனங்கள் இன்சீன், தன்லியின் என்று ஊர் ஊராகச் சிதறிப்போனோம்; நான் இங்கே வந்து வெற்றிலைக் கடை போட்டேன்.

வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. அது இருக்கும் அறையில் நெருப்பே கூடாது என்றார்கள். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. சாமி அலமாரி என் தலைமாட்டில் இருக்கிறது. என் மனைவி பாக்கியம் அடுப்பை வராந்தாவுக்குக் கொண்டுபோய்விட்டாள். விளக்கைக் கொண்டுபோக மாட்டேன் என்றாள்.

"சாமி உள்ள, வெளக்கு வெளியவா? வெளக்கேத்தாத வீட்ல உங்கள எப்படிங்க உசுரோட வெச்சிருப்பேன்?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அதனால் தினமும் பூசை நேரத்தில் சிலிண்டரை மூடி, மூக்குக்குழாயைக் கழற்றி வைப்போம். சூடம் எரிந்து முடியும்வரை நான் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடப்பேன். ஒருநாள் உதடு நீலமாகி நினைவு தப்பியது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். டாக்டரம்மா பாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மூடினாலும் ஆக்சிஜன் துணியில, முடியில தங்கியிருக்கும்மா. ஒரு பொறி போதும், ரெண்டு பேரும் எரிஞ்சுபோவீங்க."

அன்றிலிருந்து அவள் விளக்கையும் ஏற்றவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. உங்கள் வீட்டிலும் சிலிண்டர் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். மூடிவிட்டால் போதும் என்று நாங்கள் நினைத்தோம். போதாது.

சுரங்கத்தில் என்னோடு வேலை செய்த சுப்பையா இன்சீனிலிருந்து ரயிலேறிப் பார்க்க வந்தான். அவனுக்கும் இதே இருமல்தான்.

"நம்ம ரெண்டு பேரையும் பிரிச்சுக் கோத்தாலும் ஒரு ஆளுக்கு நுரையீரல் தேறாதுடா," என்று சிரித்தான். பாக்கியம் சிரிக்கவில்லை. விளக்கு விஷயத்தைச் சொன்னாள்.

"ஏன் தங்கச்சி, குழி வாசல்ல முனியாண்டிக்கு என்னைக்கு நாங்க சூடம் கொளுத்தினோம்? உள்ள பத்திக்கிற வாயு. தீக்குச்சி கொண்டாந்தவன அடிச்சே வெரட்டுவோம். தட்டுல தண்ணியும் பூவும் வெச்சுத்தான் சுத்திக் காட்டுவோம். கேளு இவன."

உண்மைதான். எனக்கு ஏன் அது நினைவுக்கே வரவில்லை என்று தெரியவில்லை.

"சாமி ஏத்துக்கிச்சாண்ணே?"

"ஏத்துக்காமலா நாங்க மேல வந்தோம்?"

மறுநாள் சாயங்காலம் அவள் தட்டில் தண்ணீரும் இரண்டு மல்லிகையும் வைத்து, மணியில்லாமல், மெல்லச் சுற்றிக் காட்டினாள். குழாய் என் மூக்கிலேயே இருந்தது.

இப்போது தினமும் அப்படித்தான். சூடம் என்றால் அணையும்போது பூசை முடியும். இதில் அணைவதற்கு ஒன்றும் இல்லை. நெஞ்சு அதுபாட்டுக்கு ஏறி இறங்குகிறது, யாருடையதோ போல. கும்பிட்ட கையை எப்போது இறக்குவது என்று எனக்குத் தெரிவதில்லை. பாக்கியம் வந்து, "முடிஞ்சுதுங்க," என்று கையைப் பிடித்து இறக்கிவிடுகிறாள்.