அப்பாவுக்குப் பிடிக்காத பாட்டுகள்

தோழிகளே, விடுதியின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது பழைய நினைவை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எங்களை நல்லவர்களாகக் காட்டுவதற்காக எதையும் கூட்டப் போவதில்லை. வெட்கமாக இருக்கிறதே என்று எதையும் விடப் போவதும் இல்லை.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஈரக் கயிற்றின் வாடைதான்...

திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கடல். அப்பா தோணியில் தண்டல். கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியை நடத்துகிறவர். பாய் ஏற்றும்போதும் நங்கூரம் தூக்கும்போதும் அவர்தான் அம்பா பாட்டைத் தொடங்குவார். அவர் ஒரு வரி கூப்பிட, மற்றவர்கள் பதில் பாடுவார்கள்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று. திரும்பி வரும் வழியில் தோணி புயலில் கவிழ்ந்தது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு அப்பா மட்டும் கரை சேர்ந்தார். கூடப் போன சித்தப்பா வரவில்லை.

அதன்பின் அப்பா பேசவில்லை. அழவும் இல்லை. கொடுத்தால் சாப்பிடுவார், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள்.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், சென்னைப் பட்டணத்தில் பைத்தியத்துக்கு வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்றார். எங்கள் தெருவிலிருந்து அங்கே போன ஒருவர் திரும்பி வரவே இல்லை. அம்மா எங்கள் ஊர் டாக்டரிடம் போய் அழுதாள்.

"ஒரு மாசம் பொறுங்க. பாட்டுக் கேக்க வைங்க. மனசுல பட்ட காயத்துக்கு அதுவும் ஒரு மருந்துதான்" என்றார் டாக்டர்.

அவ்வளவுதான்... தெருவே பாட்டோடு வந்துவிட்டது!

கடைக்கார அண்ணாச்சி கிராமபோன் பெட்டியைத் தந்தார். அதில் ஒரு பெண் அழுது அழுது பாடினாள். அடுத்த வீட்டு லூர்தம்மா அத்தை காதைப் பொத்திக்கொண்டு, "ஏளா, இவ அழுறதக் கேட்டா நல்லா இருக்கவனுக்கே புத்தி கலங்கிருமே! நிப்பாட்டுளா" என்றாள்.

கோயில் பாடகர் குழு பிடிலோடு வந்து, தேவமாதா பாட்டுகளை உருக்கமாகப் பாடியது. அப்பா எழுந்து குசினிக்குள் போய் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பாட்டைப் பாடினேன். அப்பா என்னைப் பார்க்கக்கூட இல்லை. அன்று நான் சாப்பிடவில்லை.

மாசம் முடியப் போனது. அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப்போகத் திங்கட்கிழமை ரயிலுக்கு வருவதாக மாமா சொல்லி அனுப்பினார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை கடலிலிருந்து அடிக்கும் கொண்டல் காற்று திடீரென்று வலுத்தது. கரையில் கிடந்த எங்கள் சின்ன வள்ளத்தின் அடியில் அலை புகுந்துவிட்டது. துறைமுகத்துக்குக் கப்பல் வந்திருந்ததால் ஆம்பிளைகள் எல்லாரும் மூட்டை இறக்கப் போயிருந்தார்கள். தெருப் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தோம்.

"அம்பா பாடாம வள்ளம் நகராதுளா. நீ பாடு, தண்டல் பொஞ்சாதிதானே நீ!" என்றாள் அத்தை.

எங்கள் பக்கம் பெண்கள் அம்பா பாடுவதில்லை. அம்மா வெட்கத்தோடு, "கொண்டல் காத்து வருது பாரு" என்று கூப்பிட்டாள். அவள் கூப்பிடும்போதே எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, கையைத் தளர்த்தி, "ஏலேலோ" என்று பதில் பாடினோம். வள்ளம் அசையவே இல்லை. மறுபடியும் அப்படியே. கயிறு வழுக்கி, அத்தை தொப்பென்று மணலில் உட்கார்ந்தாள்.

"ஏளா! கூப்பிடும்போது எதுக்கு இழுக்கிய? பதில் பாடும்போதுல்லா இழுக்கணும்!"

எல்லாரும் திரும்பினோம். வாசலில் அப்பா. முகமெல்லாம் கோபம்.

அம்மா கயிற்றை விடாமலே, "அப்ப நீங்களே வந்து பாடுங்க. எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுதான்" என்றாள்.

அப்பா வந்து கயிற்றின் தலைப்பைப் பிடித்தார். தொண்டை துருப்பிடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் கூப்பிட்டார். நாங்கள் பதில் பாடி இழுத்தோம்; வள்ளம் ஒரு முழம் ஏறியது. இன்னொரு தரம் கூப்பிட்டார். அது முடிந்து அடுத்த வரியைத் தொடங்கியவர் பாதியில் நின்று, சித்தப்பா பேரைச் சொல்லிக் கதறி அழுதார்.

கயிற்றை ஒருவரும் விடவில்லை. விட்டால் வள்ளம் கடலுக்குப் போய்விடும். அப்படியே பிடித்துக்கொண்டு, அவர் அழுது தீரும்வரை நின்றோம்.

"நல்லா அழுங்க அண்ணே... ஆனா பாட்டையும் விட்டுராதிய. கயிறு கைய அறுக்கு" என்றாள் அத்தை.

அழுகையோடு அப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது. வள்ளம் கரையேறியது.

திங்கட்கிழமை மாமா வந்தார். "நான் வரல மச்சான்" என்று அப்பாவே சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான். ஆனால் அது போதுமாக இருந்தது.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் தோணி கண்ணில் படுவதற்கு முன்பே அப்பாவின் குரல் வந்துவிடும். இப்போது அவர் தோணியில் போவதில்லை, துறைமுகத்தில் வேலை. சில நாள் பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்வார். நாங்கள் அம்பாவில் ஒரு வரி கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்போம். சில நேரம் பதில் வரும். சில நேரம் வராது.

இந்த விடுமுறைக்குப் போனபோதுதான் அம்மாவைக் கவனித்தேன். முன்பு ஓயாமல் பேசுவாள். இப்போது ஒரு வேலை முடிந்தால் அடுத்ததைத் தொடங்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். அப்பாவுக்காக அத்தனை பாட்டுத் தேடினோமே, அம்மாவுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன்.

"எனக்கு எதுக்குளா பாட்டு? கொஞ்ச நேரம் ஒருத்தரும் கூப்பிடாம இருந்தா போதும்."

அதற்கு மேல் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்... விடுதிச் சிஸ்டர் விளக்கை அணைக்க வருகிறார்.